சொன்னது யார், யாரிடம், எப்போது? (வாசகர் கேள்வி பதில்)

பெங்களூர் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பல, ஒரே விஷயத்தை வேறு வேறு பக்கத்திலிருந்து தொடுகின்றன. சொன்னது ஒன்று, புரிந்துகொண்டது வேறு, அதனால் வீட்டிலோ ஊரிலோ ஒரு வருத்தம். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். மற்றவை அடுத்த இதழில்.

கேள்வி: என் மகன் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறான், அங்கேயே தங்கியிருக்கிறான். "அப்பாவுக்கு முட்டி வலி அதிகமா இருக்கு, சனிக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், நீ வர முடியுமா" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். கட்டைவிரல் தூக்கின படம் மட்டும் வந்தது. வருகிறேன் என்கிறானா, படித்துவிட்டேன் என்கிறானா, சும்மா தொந்தரவு செய்யாதே என்கிறானா? கேட்டால் "அதான் ஓகே சொன்னேனே" என்று கோபித்துக்கொள்கிறான்.
— ஒரு வாசகி, ஜீவன்பீமா நகர்

பதில்: அம்மா, உங்கள் குழப்பம் நியாயமானது. இதே படத்துக்குப் பொருள் என்ன என்று கனடாவில் ஒரு நீதிமன்றமே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. சஸ்காட்செவான் மாகாணத்தில் தானியம் வாங்கும் ஒரு நிறுவனம் 2021 மார்ச்சில் ஒரு விவசாயியோடு போனில் பேசிவிட்டு, ஆளி விதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் பிடித்து அனுப்பி, உறுதி செய்யுங்கள் என்று கேட்டது. அவர் கட்டைவிரல் படத்தை அனுப்பினார். நவம்பரில் விதை வந்திருக்க வேண்டும், வரவில்லை, அதற்குள் விலையும் ஏறிவிட்டது. வழக்கு வந்தபோது விவசாயி சொன்னது கிட்டத்தட்ட உங்கள் சந்தேகம்தான்: ஒப்பந்தம் கைக்கு வந்து சேர்ந்தது என்றுதான் அந்தப் படத்தைப் போட்டேன், ஒத்துக்கொண்டேன் என்று அல்ல.

2023இல் நீதிபதி தீர்ப்புச் சொன்னபோது அந்தப் படத்தை மட்டும் தனியாக வைத்துப் பார்க்கவில்லை. இதற்கு முன்னால் இந்த இருவரும் எப்படி வியாபாரம் செய்தார்கள் என்று பார்த்தார். முன்பும் இதே மாதிரி ஒப்பந்தம் படமாக வந்திருக்கிறது, அவர் "ஓகே" என்றோ "லுக்ஸ் குட்" என்றோ ஒரு வரி எழுதியிருக்கிறார், தானியத்தைச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தும் இருக்கிறார். ஆக, இந்த இருவருக்கும் இடையில் கட்டைவிரல் என்றால் சம்மதம்தான் என்று முடிவு செய்து, விவசாயி சுமார் 82,000 கனடா டாலர் கொடுக்க வேண்டும் என்றார்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். மகனுக்கும் அவன் அலுவலக நண்பர்களுக்கும் இடையில் அந்தப் படத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, பார்த்தேன், செய்துவிடுகிறேன், மேலே பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். உங்களுக்கும் அவனுக்கும் இடையில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அவன் ஒரு உலகத்தில் நின்று பதில் சொல்கிறான், நீங்கள் வேறொன்றில் நின்று படிக்கிறீர்கள், இருவர் மேலும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மாஸ்கோவில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நாடக அரங்கில் இருந்த ஒரு நடிகர், மொழியியலாளர் ரோமன் யாகப்சனிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். நடிகர் தேர்வில் "இன்று மாலை" என்ற ஒரே தொடரை, குரலை மட்டும் மாற்றி, 40 விதமான செய்தியாகச் சொல்லிக் காட்டச் சொன்னார்களாம். யாகப்சன் பிற்பாடு ஓர் ஆராய்ச்சிக்காக அவரை 50 சூழ்நிலைகளுக்கு அதையே பேசவைத்துப் பதிவு செய்தார், கேட்ட மாஸ்கோக்காரர்கள் பெரும்பாலானவற்றைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். குரலுக்குள் அவ்வளவு இருக்கிறது. உங்கள் மகன் அனுப்பிய படத்தில் குரலே இல்லை, அதனால் அந்த இடத்தை நீங்கள் உங்கள் கவலையால் நிரப்பிக்கொண்டீர்கள். கவலையோடு படித்தால் எந்தச் சின்னப் பதிலும் கடுமையாகத்தான் தெரியும்.

உடம்பு, பணம், வருவது போவது, இந்த மூன்றையும் எழுதிக் கேட்காதீர்கள், கூப்பிட்டுக் கேளுங்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவாயா, மாட்டாயா" என்று எழுதுங்கள். மகன் இதைப் படித்தால் அவனுக்கும் ஒரு வார்த்தை: அப்பாவின் முட்டி வலிக்குப் படம் போதாது தம்பி, இரண்டு வரி எழுது.

கேள்வி: அல்சூர் ஏரிக்கு அருகில் இருக்கிற திருவள்ளுவர் சிலையை என் பெண் பள்ளிக்கூட புராஜெக்டுக்காகப் படம் எடுத்தாள். அது 18 வருடம் மூடியே கிடந்தது என்று சொன்னேன். ஏன் என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. குறளில் கன்னடத்துக்கு எதிராக ஒரு வார்த்தைகூட இல்லையே?
— ஒரு வாசகர், மர்ஃபி டவுன்

பதில்: இல்லை. கன்னடத்துக்கு எதிராக இல்லாதது மட்டுமா, குறளில் தமிழ் என்ற சொல்லே வராது. ஆகவே சண்டை குறளில் எழுதியிருப்பதைப் பற்றியது கிடையாது. உங்கள் பெண்ணிடம் சிலை திறக்கப்பட இருந்த அந்த வருடத்தைப் பற்றி முதலில் சொல்லுங்கள், சிலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைந்தது. 1991 ஜூன் 25 அன்று, கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் வெடித்தது, தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், எத்தனையோ குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போயின. அதைப் பார்த்தவர்கள் உங்கள் பேட்டையிலேயே இன்னும் இருக்கிறார்கள். வள்ளுவர் சிலை திறப்புக்குத் தயாராக நின்றது அதே 1991இல். தண்ணீர் பற்றிய பயம் ஊரெங்கும் பரவியிருந்த அந்த வருடத்தில், சில கன்னட அமைப்புகளுக்கு அந்தச் சிலை ஒரு புலவராகத் தெரியவில்லை, இந்த நகரத்தின் மேல் அண்டை மாநிலம் கொண்டாடுகிற உரிமையாகத் தெரிந்தது. நமக்கு அது எவ்வளவு வலித்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும், அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று தெரியாமல் அந்த 18 வருடத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

2009 ஆகஸ்ட் 9 அன்று சிலை திறக்கப்பட்டது. கல் அதே கல், புலவர் அதே புலவர், மாறியது அதைச் சுற்றி இருந்தது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஒன்று கொடுத்து ஒன்று வாங்கிய உறவாக இரண்டு சிலைகளும் நிற்கின்றன. சர்வக்ஞர் மூன்று அடி வசனங்களில் வாழ்க்கை நெறி சொன்னவர், நம்மவர் இரண்டு அடியில் சொன்னவர், கன்னடக் குழந்தைகள் அவரைப் பள்ளியில் படிப்பது நம் பிள்ளைகள் குறள் படிக்கிற மாதிரிதான். அல்சூர் சிலையைத் தனியாகப் படம் பிடித்து ஒட்டினால் புராஜெக்ட் பாதிதான். சென்னையில் சொந்தக்காரர்கள் இருந்தால் அயனாவரம் சிலையையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கீழே இரண்டு தேதிகளையும் எழுதட்டும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் பொங்கல் விழா பேனரில் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று போடலாம் என்று முடிவெடுத்தோம். ஒரு பெரியவர், "அது விதியைப் பற்றிய பாட்டு, வரவேற்புப் பாட்டு இல்லை, முழுசாகப் படிக்காமல் போடாதீர்கள்" என்கிறார். யார் சொல்வது சரி?
— விழாக் குழுவினர், சர்ஜாபூர் சாலை

பதில்: பெரியவர் சொல்வது சரி, பேனர் போடுவதும் சரி. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் இந்த அளவுக்குத் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு போகப்பட்ட வரி வேறு இல்லை என்றே நினைக்கிறேன். புறநானூற்றில் 192ஆம் பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடியது, துறை பொருண்மொழிக்காஞ்சி, அதாவது வாழ்க்கையின் உண்மையை எடுத்துச் சொல்லும் பாட்டு என்று பாட்டோடு சேர்த்தே குறித்து வைத்திருக்கிறார்கள்.

முதல் வரிக்கு அடுத்த வரி "தீதும் நன்றும் பிறர்தர வாரா". நமக்கு வரும் கெடுதலும் நல்லதும் பிறர் கொடுத்து வருவதில்லை. நோவதும் அது தணிவதும் அப்படியே. சாவு புதிதல்ல, வாழ்க்கை இனிது என்று துள்ளவும் இல்லை, வெறுத்துப்போய் இது துன்பம் என்று ஒதுக்கவும் இல்லை. அப்புறம் அந்த அற்புதமான காட்சி வருகிறது: மின்னலோடு மழை பெய்து, பாறைகளில் மோதி இரைந்து ஓடுகிற பெரிய ஆற்றில், நீர் போகிற வழியே போகும் தெப்பத்தைப்போல உயிர் முறைவழியே போகும், இதை அறிந்தவர்கள் சொல்லத் தெளிந்தோம். அதனால், "மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே".

இப்போது முதல் வரிக்குத் திரும்பிப் போங்கள். எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் நம் உறவு என்பது வாசலில் நின்று கைகூப்புகிற வரவேற்பாக இப்போது தெரிகிறதா? எல்லா உயிரும் ஒரே ஆற்றில்தான் போகிறது என்று கண்டுகொண்ட ஒருவர், அதனால் எந்த ஊரும் அந்நியம் இல்லை, யாரும் பெரியவரும் இல்லை சிறியவரும் இல்லை என்று வருகிற இடம் அது. அந்த ஆறு இல்லாமல் இந்த உறவு இல்லை.

ஆனால் வரி தன் பாட்டைவிட்டு வெளியே வந்து வேறொரு வாழ்க்கையும் வாழ்ந்துவிட்டது. அப்துல் கலாம் 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இதைச் சொன்னார், 2019இல் பிரதமர் மோடி ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் சொன்னார். போரும் எல்லையும் பார்த்த நாடுகள் கூடியிருக்கும் சபையில் நின்று சொல்லும்போது அது மனிதகுல ஒற்றுமை என்ற பொருளைத்தான் தரும், அது பொய்யும் இல்லை. ஊரைவிட்டு வந்து பெங்களூரில் குடியேறிய ஒரு குடும்பம் அதைப் படிக்கும்போது, நமக்கும் இங்கே இடம் உண்டு என்ற ஆறுதல் கிடைக்கிறது. அதையும் நான் பறிக்க மாட்டேன். பாட்டின் கருத்துக்கு எதிராக அந்த வரியைத் திருப்பினால்தான் எனக்கு ஆட்சேபம்.

அதனால் என் யோசனை: பேனரில் முதல் வரியோடு கடைசி இரண்டு வரிகளையும் போடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் பொருள் கொண்டுவரும் பையனுக்கும் தனி லிஃப்ட் என்று எழுதி வைத்திருக்கிற அடுக்ககங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. "சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்ற வரி அப்படி ஒரு கட்டடத்தின் வாசலில் தொங்கினால், கணியன் பூங்குன்றனார் சொல்ல வந்தது அங்கே வேலை செய்யும். பொங்கல் விழாவுக்கு அவர்களையும் பந்தியில் உட்காரவையுங்கள்.

கேள்வி: இங்கே சட்டம் படிக்கிறேன். சட்டத்தில் முக்கியமான சொற்களுக்கெல்லாம் விளக்கம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அப்புறமும் ஒரே சொல்லை நீதிபதிகள் ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்களே, இது சட்டத்தின் பலவீனம் இல்லையா?
— ஒரு மாணவி, பசவனகுடி

பதில்: உங்கள் ஊர்க் குடிநீர் வாரியத்தின் பெயரில் நடந்த ஒரு வழக்கிலேயே இதற்கு விடை இருக்கிறது. பெங்களூர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் தன் ஊழியர்கள் சிலருக்கு நடத்தைக் குற்றம் சொல்லி அபராதம் போட்டு, பணத்தை வசூலித்தது. அவர்கள் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின்கீழ் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நாங்கள் மக்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் அமைப்பு, அந்தச் சட்டம் சொல்லும் 'இண்டஸ்ட்ரி' நாங்கள் இல்லை, எனவே இங்கே வழக்கே செல்லாது என்றது வாரியம். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அந்தச் சொல்லுக்குச் சட்டத்திலேயே விளக்கம் இருந்தது. வணிகம், வியாபாரம், உற்பத்தி, முதலாளிகளின் தொழில், தொழிலாளர்களின் சேவை, வேலை, கைத்தொழில் என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அவ்வளவு அடுக்கியும் என்ன நடந்தது பாருங்கள். 1960இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட வார்டு பணிப்பெண்களின் வழக்கில், மருத்துவமனை இண்டஸ்ட்ரிதான் என்றது உச்ச நீதிமன்றம். 1963இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் பேருந்து ஓட்டுநர் வழக்கில், பல்கலைக்கழகம் இண்டஸ்ட்ரி இல்லை என்றது. 1970இல் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில், மருத்துவமனையும் இல்லை என்று மாறியது. 1978இல் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய முக்கியத் தீர்ப்பில், திட்டமிட்டுத் தொடர்ந்து நடக்கிறதா, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து செய்கிறார்களா, மனிதருக்குத் தேவையான பொருளோ சேவையோ வருகிறதா, இந்த மூன்றும் இருந்தால் இண்டஸ்ட்ரிதான், லாப நோக்கம் இருக்க வேண்டியதில்லை என்றார். மருத்துவமனை, கல்வி நிலையம், சங்கம் எல்லாம் உள்ளே வந்தன. பம்பாய் வார்டிலிருந்து பெங்களூர் தண்ணீர்க் குழாய் வரை, 18 வருடத்தில் சட்டத்தின் அந்த வாசகம் மாறவே இல்லை.

இதை நம் இலக்கண ஆசிரியர் முன்பே யோசித்திருக்கிறார். பல பொருள் தரும் ஒரு சொல் எப்படித் தெளிவாகும் என்பதற்குத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா உண்டு: "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்" அது தெளியும் என்கிறது. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். மா பூத்தது என்றால் பூத்தது என்ற வினையால் மரம். மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் மருதமரம் நிற்பதால் மரம். கவசம் போட்டுக்கொண்டு நிற்கிற ஒருவன் மா கொண்டு வா என்றால், வாக்கியத்துக்குள் எந்தத் துணையும் இல்லை, ஆனாலும் யாரும் மாங்கன்றைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை, குதிரைதான் வரும். இது சார்பு, அதாவது சொல்பவன் நிற்கிற நிலை.

சட்டக் கல்லூரியில் ஒரு லத்தீன் விதி சொல்லிக் கொடுத்திருப்பார்கள், ஒரு சொல்லின் பொருளை அதன் கூட்டாளிச் சொற்களை வைத்து அறிய வேண்டும் என்று. தொல்காப்பியர் 'இனம்' என்றது அதைத்தான். 1960 வழக்கில் எதிர்த்தரப்பு இந்த விதியைத்தான் காட்டியது: பட்டியலில் இருப்பவை வணிகமும் வியாபாரமும், மருத்துவமனை அவற்றோடு ஒட்டாது என்றது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டமன்றம் தெரிந்தே அகலமான சொற்களை எழுதியிருக்கும்போது, கூட்டாளிச் சொல்லைக் காட்டி அதைக் குறுக்கக் கூடாது என்றது. இனம் ஒரு பொருளைக் காட்டியது, சார்பு வேறொன்றைக் காட்டியது, நீதிபதிகள் சார்பைத் தேர்ந்தார்கள். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஒரு வழி வேண்டும் என்பதற்காக வந்த சட்டம் அது, வார்டில் வேலை பார்த்த பெண்கள் அந்தத் தகராறோடுதான் வாசலில் நின்றார்கள்.

பலவீனம் என்று நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1982இல் நாடாளுமன்றம் அந்த விளக்கத்தைச் சுருக்கி ஒரு திருத்தம் நிறைவேற்றியது, மருத்துவமனை, கல்வி நிலையங்களை வெளியே எடுத்தது. அந்தப் பகுதி நடைமுறைக்கே வரவில்லை. இன்னும் துல்லியமாக எழுதிவிட்டால் பிரச்சினை தீரும் என்று தோன்றும், ஆனால் எழுதும்போது கண்ணில் படாத ஒரு மனிதர் நாளைக்கு நீதிமன்றத்துக்கு வருவார், அவருக்கு அந்தச் சொல் என்ன பொருள் தருகிறது என்று யாராவது உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும். நீங்கள் வழக்குகளைப் படிக்கும்போது தீர்ப்பின் முடிவை முதலில் பார்க்காதீர்கள், வழக்கு போட்டவர் யார், அவருக்கு என்ன நடந்தது என்று முதல் பக்கத்திலிருந்து படியுங்கள், நீதிபதி அந்தச் சொல்லை ஏன் அப்படிப் படித்தார் என்பது அங்கேயே தெரிய ஆரம்பிக்கும். (இது நடந்த வரலாறு. சொந்தமாக ஒரு வழக்கு இருந்தால் இன்று நடப்பில் இருக்கும் சட்டத்தைப் பார்த்து வழக்கறிஞரிடம் பேசுங்கள்.)

கேள்வி: ஏப்ரலில் 35 டிகிரி வந்தாலே பெங்களூரில் எல்லாரும் வெயில் தாங்கவில்லை என்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த எனக்கு இது ஒன்றுமே இல்லை. மிகைப்படுத்துகிறார்களா?
— ஒரு வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: இல்லை. இந்திய வானிலைத் துறைகூட வெப்ப அலைக்கு எல்லா ஊருக்கும் ஒரே எண் வைக்கவில்லை. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடற்கரையில் 37, மலைப்பகுதியில் 30 தொட்ட பிறகுதான் கணக்கே ஆரம்பம், அதோடு அந்த ஊரின் வழக்கமான வெப்பத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், மின்விசிறிகூட இல்லாமல் பழைய வீடுகளில் வாழ்ந்தவர்கள் இங்கே உண்டு. உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி சூடு என்று சொன்னால் அது அவருடைய எழுபது வருடத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள், சென்னைக் கணக்கு வேண்டாம்.

கேள்வி: இங்கே பிறந்து வளர்ந்த என் பிள்ளைகள் என்னை "நீ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மரியாதை சொல்லிக்கொடுக்காமல் வளர்த்திருக்கிறீர்கள் மாப்பிள்ளை என்கிறார்.
— ஒரு வாசகர், கம்மனஹள்ளி

பதில்: எத்தனையோ தமிழ் வீடுகளில் அம்மா "நீ", அப்பா "நீங்க". அம்மாவுக்கு மரியாதை இல்லை என்றா அர்த்தம்? பழைய பாட்டுகளில் புலவர்கள் அரசனையும் தெய்வத்தையும் நீ என்றே பாடினார்கள். உங்கள் பிள்ளைகள் சொல்லும் நீ நெருக்கத்தின் நீ, அதை மாற்ற வேண்டாம். ஆனால் அதே பிள்ளைகள் வாட்ச்மேன் தாத்தாவையும் ஆட்டோ ஓட்டுகிற பெரியவரையும் நீ என்று கூப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். அங்கே நெருக்கம் கிடையாது, அங்கே அது மட்டம் தட்டுவது, அதை அன்றைக்கே திருத்த வேண்டும். மாமனார் இருக்கும் வரை அவர் முன்னால் "நீங்க" என்று கூப்பிடச் சொல்லுங்கள், அவர் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் எடை அவருக்கு நிஜம்.

கேள்வி: "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது தப்பாம், "ஆயிரம் வேரைக் கொன்றவன்" என்பதுதான் அசலாம். இப்படித் தினமும் ஒரு பழமொழிக்கு 'உண்மைப் பொருள்' வருகிறதே?
— ஒரு வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: நான் பார்த்தவற்றில் ஒன்றிலும் எந்தப் பழைய ஏட்டில், எந்தத் தொகுப்பில் அப்படி இருக்கிறது என்ற தகவல் இல்லை. பழமொழிக்குப் பொருள், அதை யார் எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. உங்கள் பாட்டி அரைகுறை வைத்தியரைப் பார்த்து அதைச் சொன்னால், அந்தப் பயம்தான் பொருள். அவரைத் திருத்தப் போகாதீர்கள்.

கேள்வி: இந்தக் காலத்தில் யாராவது மோசமாகப் பேசிவிட்டு மாட்டிக்கொண்டால், உடனே "நான் பேசியதைத் துண்டாக எடுத்துப் போட்டுவிட்டார்கள்" என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். நீங்களும் சூழலைப் பார் சூழலைப் பார் என்கிறீர்கள். எல்லாவற்றையும் இப்படி நியாயப்படுத்திவிடலாமே?
— ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: முடியாது. எனக்கும் இந்தத் தப்பித்தல் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. ஆனால் அதற்கு மருந்து சூழலை ஒதுக்குவது கிடையாது, முழுச் சூழலையும் கொண்டுவா என்று கேட்பது. துண்டாக்கிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னால், சரி, முன்னும் பின்னும் என்ன பேசினீர்கள், யார் முன்னால் பேசினீர்கள் என்று கேளுங்கள். சில சமயம் முழுப் பேச்சையும் கேட்டால் அவர் அடுத்தவர் சொன்னதை எடுத்துக்காட்டி மறுத்துக்கொண்டிருப்பார், துண்டு போட்டவர்கள் மறுப்பை வெட்டியிருப்பார்கள். சில சமயம் முழுசாகக் கேட்டால் துண்டைவிட மோசமாக இருக்கும். அதுவும் சூழல்தான்.

இதில் அதிகம் அடிபட்டவர் வள்ளுவரே. "பொய்மையும் வாய்மை யிடத்த" என்று பாதிக் குறளைச் சொல்லிக்கொண்டு பொய் சொல்பவர்கள் எத்தனை பேர்! 292ஆம் குறள் அங்கே முடியவில்லை, "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று நிபந்தனை போடுகிறது, குற்றமே இல்லாத நன்மை வருமானால் மட்டும். யாருக்கு நன்மை? முந்தைய குறளைப் பாருங்கள், வாய்மை என்பதே யாருக்கும் "யாதொன்றும் தீமை இலாத சொலல்". அடுத்த குறள் "தன்நெஞ் சறிவது பொய்யற்க" என்று ஆரம்பித்து, சொன்னால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தக் குறளை வைத்துப் பார்த்தால், சொந்த லாபத்துக்குப் பொய் சொல்பவன் நிற்க அங்கே இடமே இல்லை. சூழல் அவனுக்குச் சலுகை தரவில்லை, வாசலை அடைத்துவிட்டது.

உங்களுக்கு வரும் வீடியோவுக்கும் இதையே செய்யுங்கள். அனுப்பியவரிடம், முழுப் பேச்சு எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில், எந்த ஊரில் பேசியது என்று கேளுங்கள். கிடைத்தால் உட்கார்ந்து கேட்டுவிட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் அதை உங்கள் போனோடு நிறுத்திவிடுங்கள்.